தவக்கால இறாலும் இடது காதும்

மரியே வாழ்க

சாந்தோம்,
ஜூன் மூன்றாம் வாரம், செவ்வாய்

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் பவுல்சாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஃப்ளோரன்ஸைக் கைப்பிடித்த ஆரோக்கியராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. தோமையார் துணையால் நாங்கள் இருவரும் இங்கே சுகம். அங்கே தாங்களும், அக்காவும், தங்கள் வலது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் தினமும் ஒரு மணி ஒதுக்கி வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள், வேறு என்ன வழி? நேரிலும் வந்து பார்த்தேன். போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் பிடித்து, பாலவாக்கத்தில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வந்து நின்றால், "சார் வேளாங்கண்ணி போயிருக்காரு" என்கிறார் வாட்ச்மேன். நிமிர்ந்து பார்க்கிறேன், இரண்டாவது மாடி பால்கனியில் உங்கள் நீலக் கட்டம் போட்ட லுங்கி. காயப்போட்ட லுங்கியாக இருந்தால் நானும் நம்பியிருப்பேன். அதற்குள் நீங்கள் இருந்தீர்கள். சரி, பெரியவர், கோபத்தில் இருக்கிறார் என்று வாட்ச்மேனிடமே கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அதையாவது சாப்பிட்டீர்களா?

உங்கள் கோபம் நியாயம்தான். தங்கைக்குத் திடீரென்று ஒரு காது கேட்காமல் போய், இரண்டு மாதம் கழித்து மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொள்வதென்றால் எந்த அண்ணனுக்கும் வயிறு எரியும். ஆனால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டவள் உங்கள் தங்கை. "அண்ணனுக்குத் தெரிஞ்சா பிரஷர் ஏறும், அவர் வந்து உக்காந்தா எனக்கும் ஏறும்" என்றாள். அதையெல்லாம் கேட்காமல் போனில், "என் தங்கச்சிக்குக் கொழுப்பை ஏத்திக் காதை அடைச்சதே நீங்கதான் மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில்தான் இந்தக் கடிதம். குற்றத்தை மறுக்கவில்லை. நடந்தது எப்படி என்று முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் வீட்டுத் தவக்காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். திருநீற்றுப் புதன் நெற்றியில் சாம்பல் பூசிய நிமிடத்திலிருந்து ஈஸ்டர் இரவுப் பாஸ்கா வரைக்கும் ஆடு, கோழி, மாடு, பன்றி எதுவும் வாசப்படி ஏறாது. ஃப்ளோரன்ஸ் அதில் மகா கண்டிப்பு. ஆனால் கடலில் இருப்பது மாமிசக் கணக்கில் வராதே! அதனால் தினம் காலையில் பையை எடுத்துக்கொண்டு லூப் ரோடு மீன் மார்க்கெட்டுக்குப் போவேன். அங்கே கங்கம்மா, தூரத்தில் என் தலையைக் கண்டதும் கூடையிலிருந்து சாக்கை விலக்கிவிடும். "இன்னா வாத்யாரே, நோம்பு ஆரம்பிச்சிட்ச்சா? எறா கீது, கடம்பா கீது, உசுரு நண்டு கீது, இன்னா வோணும் சொல்லு!" நான் தவத்தில் இருப்பவன், எதையும் வேண்டாம் என்று சொல்லும் அகங்காரம் கூடாது என்று மூன்றையும் வாங்குவேன். இறால் தொக்கு, கடம்பாக் கணவாய் வறுவல், தேங்காய்ப்பால் விட்ட நண்டு, நடுவில் மீன் சினை கிடைத்தால் முட்டையோடு சேர்த்து ஒரு பொரியல். இப்படித்தான் மச்சான் நாங்கள் உடலை ஒறுத்தோம். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவன். கொலஸ்ட்ரால் என்றால் இருபத்தேழு கார்பன், நாற்பத்தாறு ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்ஸிஜன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது இறாலின் தலையில் குடியிருக்கும் என்று மட்டும் தட்டில் பார்க்கும்போது தோன்றவில்லை. ஃபாதரிடம்கூட ஒரு வார்த்தை கேட்டேன், "இறால் ஆகலாமா?" என்று. "ஆகலாம்" என்றார். அவர் ஆத்துமாவுக்குத்தான் அனுமதி கொடுத்தார், இரத்தக் குழாய்க்கு இல்லை என்பது பிற்பாடு புரிந்தது.

பெரிய வியாழன் காலையில் விழுந்தது அடி. ஃப்ளோரன்ஸ் எழுந்து உட்கார்ந்தபோதே இடது காதில் யாரோ பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருந்ததாம், உள்ளே பிரஷர் குக்கர் விசில் போடாமல் திணறுகிற மாதிரி ஒரு இரைச்சலாம். இந்த 'ஆம்' எல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் மூச்சு விடவில்லை. ஏன் என்று கேளுங்கள். பாடற்குழுவில் பாதிப் பேர் இந்த வருஷம் சேர்ந்த புதுசுகள், பாஸ்கா பாட்டெல்லாம் நாலு குரலில் பிரித்துக் கற்றுக்கொடுத்திருக்கிறாள், கீபோர்டும் அவள்தான், கை காட்டுவதும் அவள்தான். "மிஸ்ஸுக்குக் காது கேக்கலையாம்" என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அத்தனையும் அலங்கோலமாகிவிடும் என்று பயந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இனிமேல்தான் என் திருவிளையாடல். பெரிய வியாழன் மாலைப் பூசைக்குப் பிறகு பாஸ்கா வரைக்கும் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டுவார்கள், ஊரே அடங்கிக் கிடக்கும், உங்களுக்குத் தெரியாததில்லை. வெள்ளி காலையில் நான் பேசுகிறேன், அவள் பதில் சொல்லவில்லை. "ஃப்ளோரன்ஸ், காபி?" பதில் இல்லை. "பேப்பர் வந்துச்சா?" பதில் இல்லை. நான் நின்றது அவளுக்கு இடது பக்கம். எனக்கோ ஒரே பரவசம். ஆகா, கோயில் மணியைப் போலவே இவளும் மௌனம் காக்கிறாள், பாஸ்கா வரைக்கும் மௌன விரதம் என்று நேர்ந்துகொண்டிருக்கிறாள், என்ன பக்தி, என்ன மன உறுதி என்று நினைத்து, அவள் தவத்தைக் கலைத்தால் பாவம் என்று நானும் பேசுவதை நிறுத்திவிட்டேன். உப்பு வேண்டுமென்றால் உப்பு ஜாடியைச் சுட்டிக் காட்டினேன். குளிக்கப் போகிறேன் என்பதைத் துண்டை ஆட்டித் தெரிவித்தேன். அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா மனுஷன் வாயை மூடி நிம்மதி கொடுக்கிறாரு, ஆண்டவரே ஸ்தோத்திரம்" என்று நினைத்தாளாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு வெள்ளி, சனி இரண்டு நாளை முழுசாகத் தொலைத்தோம்.

ஆனால் மச்சான், பாஸ்கா பாட்டு! ஃபாதர் தொடங்கி, எல்லா மணியும் ஒன்றாக அதிர, கீபோர்டில் அவள் கை வைத்ததும் கோயிலே எழுந்து நின்றது. ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஒரே ஒரு மாற்றம்தான், எப்போதும் இடது பக்கம் நிற்கிற பெண் பிள்ளைகளை வலது பக்கம் மாற்றியிருந்தாள். ஏதோ புது அமைப்பு என்று நான் பக்கத்து ஆளிடம் பெருமையடித்தேன். பாதிக் காதை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் கரை சேர்த்திருக்கிறாள் என்று எனக்கு எங்கே தெரியும்? ஈஸ்டர் காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது, "அப்பாடா, மௌன விரதம் முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "எந்த மௌன விரதம்?" என்றாள். "நீ இருந்தியே." "நீங்க இல்ல இருந்தீங்க!" ஒரு நிமிடம் இரண்டு பேரும் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தோம். பிறகு மெதுவாக, "என்னங்க, எனக்கு வியாழக்கிழமையிலேர்ந்து இந்தக் காது சுத்தமா கேக்கலை" என்றாள். சொன்னவள் அழவில்லை. எனக்குத்தான் கையிலிருந்த இட்லி சாம்பாரில் விழுந்தது.

மறுநாள் காலை அடையாறில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஜெயஸ்ரீ முன்னால் உட்கார்ந்திருந்தோம். சின்ன உருவம், பெரிய குரல். தொழிலுக்குப் பொருத்தமான குரல் என்று பாராட்ட நினைத்தேன், அதற்குள் திட்ட ஆரம்பித்துவிட்டார். "திடீர்னு காது போச்சுன்னா அது எமர்ஜென்சி சார். நெஞ்சு வலின்னா இப்படி உக்காந்திருப்பீங்களா? ஏன் இத்தனை நாள்?" "புனித வாரம் டாக்டர்." "காதுக்கு அதெல்லாம் தெரியாது சார்." பிறகு ஃப்ளோரன்ஸ் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, ஒரு குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். உள்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது நூல் மாதிரி ஒரே ஒரு குழாயாம், அதற்கு மாற்று வழி கிடையாதாம். கிருமியோ, இரத்த ஓட்டமோ, காரணம் பெரும்பாலும் பிடிபடாதாம். ஆனால் இரத்தத்தில் கொழுப்பு கூடிக் கிடந்தால் தேறி வருவது கஷ்டமாகலாம், அதனால் அதையும் பார்த்துவிடுவோம் என்றார். "திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டாள். "சிலருக்கு முழுசா வரும், சிலருக்குப் பாதி வரும், சிலருக்கு வராது. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது. ஆரம்பிச்சுடலாம்." பொய் சொல்லாத டாக்டர் மச்சான். அந்த நிமிடத்திலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லிப் பரிசோதனை செய்தார்கள். ஷ்ரேயா என்று ஒரு பெண் அதைச் செய்தாள். வலது காதுக்கு ஃப்ளோரன்ஸ் டக் டக்கென்று அழுத்தினாள். இடது காதுக்கு வந்ததும் கை சும்மா இருந்தது. கூண்டுக்கு வெளியே நின்று நான் பார்க்கிறேன், ஷ்ரேயா குமிழைத் திருகிக்கொண்டே போகிறாள், ஃப்ளோரன்ஸின் கட்டைவிரல் பட்டன் மேல் அப்படியே காத்திருக்கிறது. அந்த விரலைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஏம்மா, உன் மிஷின்ல நாலாவது சத்தம் கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கு, பாத்துக்க." உங்கள் தங்கை அப்படிப்பட்டவள்.

அங்கிருந்து லஸ்ஸில் ஒரு லேப். அவளுக்கு மட்டும் ஊசி குத்தினால் பயப்படுவாளே என்று, பக்கபலமாக நானும் ஒரு கையை நீட்டினேன். பில் போடுகிற பெண் பெயர் கேட்டாள். "மிஸ்டர் ஆரோக்கியராஜ், மிஸஸ் ஆரோக்கியராஜ்" என்றேன். "போன் நம்பர் தனித்தனியா குடுங்க சார்." "எதுக்கும்மா? கல்யாணத்துல ஃபாதரே சொல்லிட்டாரு, ரெண்டு பேரும் ஒரே உடம்புன்னு. ஒரே நம்பர் போடு, ஒரே கவர் போடு!" அந்தப் பெண் சிரித்தது, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஃப்ளோரன்ஸ்கூடக் கொஞ்சம் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதனால் இன்றைக்கும் அந்த ஜோக்கைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

மாலையில் ரிப்போர்ட் வந்தது. மிஸஸ் ஆரோக்கியராஜ், மொத்தக் கொலஸ்ட்ரால் முன்னூற்று ஆறு. மிஸ்டர் ஆரோக்கியராஜ், நூற்று அறுபத்து நாலு. மச்சான், தொக்கு வழித்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறவன் நான். இரண்டு இறாலைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு 'போதும்' என்று எழுந்துவிடுகிறவள் அவள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வர்ணிக்க மாட்டேன், உங்கள் வீட்டிலும் அந்தப் பார்வை உண்டு, அக்கா பார்ப்பார். "உடல்வாகு" என்றேன். வேறு என்ன சொல்வது? டாக்டரும், "இறாலைவிட அதோட வந்த எண்ணெயும் தேங்காய்ப்பாலும்தான் சார். இப்போ மாத்திரை வேணாம், ரெண்டு மாசம் சாப்பாட்டுல கட்டுப்படுத்துங்க, திரும்ப டெஸ்ட் பண்ணுவோம்" என்றார். ஆகவே உங்கள் குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொண்டாயிற்று. மார்க்கெட்டுக்குப் போனது என் கால், பையைத் தூக்கியது என் கை.

சிகிச்சையில் அவள் காட்டிய தைரியத்தை மட்டும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை, அது போதாதென்று காதுச் சவ்வு வழியாக உள்ளே ஊசி. ஊசி என்ற வார்த்தையைக் கேட்டே நான் நாற்காலியைத் தேடினேன், நர்ஸ் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஃப்ளோரன்ஸ் அசையாமல் படுத்திருந்தாள். எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, "மனசுக்குள்ள ஒரு பாட்டை வாசிச்சேன், அது முடியறதுக்குள்ள ஊசி முடிஞ்சிருச்சு" என்றாள். அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு, அகோரப் பசி எடுக்கும். பெங்களூரிலிருந்து மகள் ஷெரில் தினமும் வீடியோவில் வந்து உத்தரவு போடுகிறாள், ஓட்ஸ், கொள்ளு, வெந்தயம், வேகவைத்த காய் என்று. இவளோ பசியில் காலண்டரில் இருக்கிற மாதுளம்பழத்தைப் பார்த்து எச்சில் விழுங்குகிறாள், ஆனாலும் ஒரு ஸ்பூன் நெய்யைத் தொடவில்லை. கோபம் மட்டும் வந்தது. ஒருநாள் அலமாரியை முழுக்கக் கொட்டி அடுக்கினாள், என் பள்ளிக்கூடக் காலத்துச் சட்டைகள் அத்தனையும் தானமாகப் போயின. நான் என் பங்குக்கு, வீட்டிலிருந்த நெய், முந்திரி, ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த இறால் ஊறுகாய் எல்லாவற்றையும், அவள் கண்ணில் பட்டால் ஆசை வருமே என்று ஒவ்வொன்றாக நானே சாப்பிட்டுத் தீர்த்தேன். தீர்ந்ததும் திரும்ப வாங்கி, திரும்பத் தீர்த்தேன். நாகேஸ்வரராவ் பூங்காவில் அவளோடு நடக்கும்போது, "எனக்கு நூத்தி அறுபத்து நாலுதான், எல்லாம் உடல்வாகு" என்று நடக்கிறவர்களையெல்லாம் நிறுத்தி விளக்கம் சொன்னேன். சிலர் குறித்துக்கொண்டார்கள்.

ஆனால் காது வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரம் போயிற்று. தினமும் மத்தியானம் கோயில் மணி அடிக்கும் நேரத்துக்கு ஜன்னலருகே போய் நிற்பாள். வலது காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் தலையணையை அழுத்திக்கொண்டு நிற்பாள். நான் பின்னால் நிற்பேன். மணி அடிக்கும், எனக்குக் கேட்கும், அவள் முதுகு அசையாது. பஞ்சை எடுத்துவிட்டு, "அடிச்சுதா?" என்பாள். "இன்னும் இல்லை" என்று ஒருநாள் பொய் சொல்லிவிட்டேன். "கடிகாரம் எனக்குத் தெரியும்" என்றாள். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், அப்போதெல்லாம் நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாட்டு இல்லாமல் அவள் என்ன செய்வாள், அவள் பாடாத வீட்டில் நான் என்ன செய்வேன்? அந்தப் பயம் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை, எல்லாம் வியாழக்கிழமைதான், ஜன்னலருகே நின்றவள் தலையணையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். "வந்துருச்சுங்க" என்றாள். "கர்ர்ருன்னு, தகரத்தை இழுக்கற மாதிரி. ஆனா மணிதான்." அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நானும் குழாயைத் திறக்காமலே அழுதேன். அதற்கப்புறம் இன்னொரு கூத்து. வந்த காதில் எல்லாம் சுருதி இறங்கிக் கேட்டதாம். வலது காதில் ஒரு பாட்டு, இடது காதில் அதே பாட்டு அரைக்கட்டை கீழே. வேறு யாராவது என்றால் கீபோர்டை மூடி உறை போட்டிருப்பார்கள். இவள் தினமும் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டையை அழுத்தி, இரண்டு காதும் ஒன்றுசேர்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள். இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்கிற தாய் மாதிரி இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. பெந்தகோஸ்தே ஞாயிறுக்குப் பெண் பிள்ளைகள் மறுபடியும் இடது பக்கம் வந்துவிட்டார்கள்.

டாக்டர் சொல்கிறார், "ரொம்ப நல்லா வந்திருக்கு, ஆனா ரொம்ப மெல்லிசான சத்தம் மட்டும் இன்னும் வரலை. ரகசியக் குரல் கேட்டுட்டா முழுசா வந்த மாதிரி" என்று. அதற்கு ஒரு வீட்டுப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார். தினம் சாயந்திரம் அவள் வலது காதை உள்ளங்கையால் அடைத்துக்கொள்வாள், நான் இடது பக்கம் ஒரு கை தூரத்தில் பின்னால் நின்று கிசுகிசுக்க வேண்டும், கேட்டால் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் கிசுகிசுக்க என்ன இருக்கிறது? முதலில் ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று தனிமங்களைச் சொன்னேன். "ஒண்ணும் கேக்கலை" என்பாள். ஒருநாள் தனிமங்கள் தீர்ந்துபோய், எப்படியும் கேட்கப்போவதில்லையே என்ற தைரியத்தில், மனதில் இருந்த சிலதைச் சொன்னேன். என்ன என்று உங்களுக்கு எழுத முடியாது, நீங்கள் அவளுக்கு அண்ணன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கேக்கலையே. இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள். சொல்வேன். "இன்னும் கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லுங்க." சொல்வேன். "ஊகூம். நாளைக்குப் பாப்போம்." போன வாரம் முழுக்க இதே கதைதான். அந்தக் கடைசிக் கொஞ்சம் வராமலே போய்விடுமோ என்ற கவலை மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது. அவள்தான் எனக்குத் தைரியம் சொல்கிறாள், "வரும், நீங்க பயிற்சியை மட்டும் விட்டுராதீங்க" என்று.

மற்றபடி நல்ல செய்தியோடு முடிக்கிறேன். நேற்று திரும்ப இரத்தப் பரிசோதனை ஆயிற்று. மிஸஸ் ஆரோக்கியராஜ், நூற்று அறுபத்து எட்டு! முன்னூற்று ஆறிலிருந்து! ஓட்ஸின் மகிமை, கொள்ளின் மகிமை, பக்கத்திலிருந்து நெய்யைத் தீர்த்துக்கொடுத்த என் சிறு தியாகத்தின் மகிமை. ஏற்றியவனே இறக்கியும் வைத்துவிட்டேன் மச்சான், இனியாவது பிளாக்கை எடுங்கள். அடுத்த மாதம் மூன்றாம் தேதி தோமையார் திருநாளுக்கு அக்காவோடு கட்டாயம் வர வேண்டும், பூசையில் உங்கள் தங்கை வாசிப்பதைக் கேட்க வேண்டும். வரும்போது உங்கள் ஏரியா படகுக்காரர்களிடம் நல்ல பெரிய இறாலாகக் கொஞ்சம் வாங்கி வாருங்கள். அவளுக்கு ஆகாது, எனக்கு மட்டும். என் உடல்வாகுதான் உங்களுக்குத் தெரியுமே.

அன்னை மரியாள் உங்கள் வீட்டு வாசலையும் முழங்காலையும் காத்து, கோபத்தைச் சமுத்திரத்தில் இறக்கிவிடுவாளாக. அக்காவுக்கு எங்கள் இருவரின் அன்பு. வாட்ச்மேனுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பை நாடும்
ஆரோக்கியராஜ்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் லேபிலிருந்து போன் வந்தது. ஒரே பெயர், ஒரே நம்பர் என்பதால் ஏப்ரல் மாதம் எங்கள் இருவர் ரிப்போர்ட்டும் இடம் மாறிவிட்டதாம், நேற்றைய ரிப்போர்ட்டைப் பழைய பதிவோடு ஒத்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார்களாம், மன்னிக்க வேண்டுமாம். அதாவது உங்கள் தங்கைக்கு அப்போதே நூற்று அறுபத்து நாலுதான். இத்தனை நாள் ஓட்ஸ் சாப்பிட்டு நாலு ஏறியிருக்கிறது. காதைக் கொண்டுவந்தது மாத்திரையும் ஊசியும் அவள் பிடிவாதமும்தான், அதில் கொள்ளுக்கும் எனக்கும் பங்கில்லை. ஆகவே தங்கள் குற்றச்சாட்டு தள்ளுபடி ஆகிறது. நான் கொழுப்பு ஏற்றியது எனக்கேதான்.

இதை அவளிடமிருந்து எப்படியாவது மறைத்துவிடலாம் என்று, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைக் கையால் மறைத்து, காற்றுக்கே கேட்காத குரலில் லேப் பெண்ணிடம், "அப்போ அந்த முன்னூத்தி ஆறு எனக்காம்மா?" என்று கேட்டேன். உள்ளே ஹாலில் அவள் வலது காதில் போனை வைத்து ஷெரிலோடு பேசிக்கொண்டிருந்தாள். இடது காதுதான் என் பக்கம். "ஷெரில், அப்புறம் கூப்பிடறேன்டி, உங்க அப்பாவுக்கு முன்னூத்தி ஆறாம்" என்ற சத்தம் கேட்டது.

மச்சான், முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஓடிப்போய், "ஃப்ளோரன்ஸ், கேட்டுருச்சா? அந்தக் காதுலயா கேட்டுச்சு? இப்பத்தான் வந்துச்சா?" என்று கேட்டேன். ஓட்ஸ் டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள், "ஒரு வாரமா கேக்குது." "அப்போ ஏன்டி தினமும் கேக்கலை, இன்னொரு தடவை சொல்லுங்கன்னே?" "கேக்குதுன்னு சொன்னா நீங்க திரும்ப ஹைட்ரஜன், ஹீலியத்துக்குப் போயிடுவீங்க."

இறால் வேண்டாம் மச்சான், கொள்ளு வாங்கி வாருங்கள். இன்றைக்குச் சாயந்திரமும் காதுப் பரிசோதனை உண்டு என்கிறாள். காதுதான் முழுசாக வந்துவிட்டதே என்றேன். அதனால் என்ன என்கிறாள்.